எம்சிபி வாங்கும் முன் சுவருக்குள் இருக்கும் ஒயரைப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் கனம் கூடிவிடும். இந்த மாதமும் அப்படித்தான். பெரும்பாலானவை எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுந்து, அதாவது அணைந்து, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் அப்படி விழும் சுவிட்ச்) பற்றியவை என்பதால் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். மிக்ஸியும் கிரைண்டரும் பழுதானவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. மெயின் போர்டில் இன்னமும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான். எடுத்துவிட்டு எம்சிபி போடலாம் என்று கடைக்குப் போனேன். "எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றதும், "எல்லாவற்றுக்கும் 32 வாங்கிக்கொள்ளுங்கள், அடிக்கடி விழாது" என்றார் கடைக்காரர். வாங்கலாமா?
— கும்பகோணம் வாசகி

வாங்காதீர்கள் அம்மா. அடிக்கடி விழாது என்பது எம்சிபிக்குப் பெருமை இல்லை. விழ வேண்டிய நேரத்தில் விழுவதற்குத்தான் அதற்குக் காசு கொடுக்கிறோம்.

எம்சிபியின் முதல் வேலை சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பது. ஒயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அதன் உறை சூடேறி இளகும், பிறகு கருகும். அந்த நிலை வருவதற்கு முன்பே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆகவே எத்தனை ஆம்பியர் என்பதைச் சொல்ல வேண்டியது ஒயரின் பருமன். கடைக்காரர் உங்கள் ஒயரைப் பார்க்கவில்லை.

மாமனார் காலத்து வீடு என்றால் 1/18, 3/22, 3/20 என்று பழைய கணக்கில் வாங்கிய ஒயராக இருக்கும். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் இழையின் பருமனைக் குறிக்கும் கேஜ். முதல் இரண்டும் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். 3/20 ஏறத்தாழ 2. தடித்த 7/20 நான்கரையைத் தாண்டும். செம்பா அலுமினியமா என்பதையும் பார்க்க வேண்டும். அலுமினியம் அதே பருமனில் செம்பைவிடக் குறைவாகத்தான் தாங்கும். திருகுக்கு அடியில் நாளடைவில் தளரும் குணமும் அதற்கு உண்டு. ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அலுமினியம் இல்லை. பழைய ரப்பர் உறை ஒயர்களில் செம்புக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். கத்தி முனையால் சுரண்டினால் சிவப்பு தெரிந்துவிடும். சுரண்டும் வேலையை மெயினை அணைத்தபின் ஒயர்மேன் செய்யட்டும்.

நல்ல நிலையில் உள்ள செம்பு ஒயருக்கு நான் கொடுக்கும் கணக்கு இது: விளக்கு, மின்விசிறிக்குப் போகும் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 6 ஆம்பியர், மிஞ்சினால் ஒன்றரைக்கு 10. கீசர், இண்டக்ஷன் அடுப்பு போன்றவற்றுக்கான 2.5 ஒயருக்கு 16. ஏசிக்கு இழுத்த 4 ஒயருக்கு 20. மெயின் ஒயர் 6 சதுர மில்லிமீட்டர் என்றால், அந்த ஓர் இடத்தில் மட்டும், கடைக்காரர் சொன்ன 32 பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஒயரின் உறை உதிர்ந்துபோயிருந்தால் எந்த எம்சிபியும் அதைச் சரிசெய்யாது. காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் இதே வேலைக்குப் போயிருந்தேன். தேக்குமரச் சட்டத்துக்குள் ஒயர் ஓடியது. ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்தால், மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மேசை விளக்கின் ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளைக் கயிறுபோல் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டையின் வாய் கருத்து, பீங்கானில் முடி போன்ற விரிசல். மரச்சட்டத்தின் மூடியைக் கழற்றியதும் ஒயரின் ரப்பர் உறை புட்டுப் புட்டாக என் உள்ளங்கையில் கொட்டியது. ஃபியூஸ் அத்தனை ஆண்டுகளாகப் போகாமல் இருந்ததற்குக் காரணம் புரிந்தது. அது ஃபியூஸாகவே இல்லை. அந்த வீட்டில் எம்சிபி வேலையை நிறுத்திவிட்டு, முதலில் ஒயரை மாற்றச் சொன்னேன். செலவைக் கேட்டு வீட்டுக்காரர் முகம் சுளித்தார். பிறகு அந்த ரப்பர் துகள்களைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

உங்கள் ஒயர்மேனிடம் மெக்கர் (ஒயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கும்போது ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். காட்டினால் எம்சிபி வாங்கலாம்.

காலையில் கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வெந்நீர்க் கெட்டில் மூன்றும் ஓடும்போது 16 ஆம்பியர் எம்சிபி சில நிமிடங்களில் விழுந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து 25 ஆம்பியர் போட்டுவிட்டார். இப்போது தொந்தரவே இல்லை. சரிதானே?
— கோயம்புத்தூர் வாசகர்

சரியில்லை. தொந்தரவு தீரவில்லை ஐயா, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். கீசர் 2000 வாட், அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5500. 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 24 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதன் அளவைப்போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும்; 1.45 மடங்கைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். தர விதி அப்படி. உங்களுடையது ஒன்றரை மடங்கு. எம்சிபி செய்தது முழுக்க முழுக்க நியாயம்.

இப்போது 25 போட்டாகிவிட்டது. அதன் 1.45 மடங்கு 36 ஆம்பியர். அதாவது 36 ஆம்பியர் வரை ஓடினாலும் அது ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். குழாய்க்குள் ஓடும் 2.5 ஒயர் அதைத் தாங்காது. நாளைக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி சேர்ந்தால் போதும்.

பழைய 16ஐ மீண்டும் போடச் சொல்லுங்கள். கீசருக்கு டிபி பெட்டியிலிருந்து (எம்சிபிகள் வரிசையாக உட்காரும் பெட்டி) தனி ஒயர், தனி எம்சிபி கொடுங்கள். அதுவரை கீசரை அணைத்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். எம்சிபியின் எண்ணை உயர்த்த விரும்புகிறவர் ஒயரையும் உயர்த்த வேண்டும், வேறு வழி கிடையாது.

எம்சிபியில் பி, சி, டி என்று எழுத்துகள் போட்டிருக்கிறார்களே, எது நல்லது? பக்கத்தில் 10000 என்றும் ஒரு எண் இருக்கிறது. விலையா?
— விருதுநகர் வாசகர்

விலையாக இருந்தால் நான் கடை திறந்திருப்பேன். அது ஆம்பியர். ஒயர்கள் நேரடியாக உரசி ஷார்ட் ஆகும்போது ஓரிரு ஆயிரம் ஆம்பியர் பாயக்கூடும். எவ்வளவு வரை வெடிக்காமல், ஒட்டிக்கொள்ளாமல் இந்த எம்சிபி துண்டிக்கும் என்பதற்கான அளவு 10000. சிலவற்றில் 6000 இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் வீடு என்றால் 10000 உள்ளதையே வாங்குங்கள்.

எழுத்து, நொடியில் விழும் குணத்தைச் சொல்கிறது. பி வகை தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி வகை 5 முதல் 10, டி வகை 10 முதல் 20. மோட்டார் எதுவாக இருந்தாலும் கிளம்பும்போது சில மடங்கு இழுத்துத்தான் ஓடும். ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் உள்ள நம் வீடுகளுக்குச் சி போதும். கீசருக்கு மட்டும் தனி லைன் என்றால் பி கூடப் போடலாம். டி பெரிய மோட்டார்களுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் உரியது, வீட்டுக்கு வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் 60898 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது, எர்த்தும் இருக்கிறது. ஆர்சிசிபி என்று இன்னொன்றும் வேண்டும் என்கிறார் மருமகன். வீண் செலவில்லையா?
— பாளையங்கோட்டை வாசகர்

மருமகன் பேச்சைக் கேளுங்கள்.

பழைய 100 வாட் குண்டு பல்பு எரிவதற்கே 430 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதில் கால் பங்கு நெஞ்சு வழியாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்சிபிக்கு, நீங்கள் துவைக்கும் இயந்திரத்தைத் தொட்டபடி துடிப்பது ஒரு பல்பு எரிவதைவிடச் சின்ன விஷயம். அது விழாது.

ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப்பிள்ளைபோல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். கசிவு 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடிக்குள்.

அந்த 30 உடம்புக்கு எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்த ஆட்களை ஈரக் கையால் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எந்த அளவுக்கு மேல் கையை விடுவிக்க முடியவில்லை என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. 30 என்பது அதற்கும் மேலேதான் இருக்கிறது. எனவே ஆர்சிசிபி வைத்த வீட்டிலும் ஷாக் அடிக்கும். இதயம் நிலைகுலைவதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும் என்பதே அதன் உதவி. 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் கடையில் கிடைக்கும். அவை தீயைத் தடுக்க. ஆளைக் காக்க 30 மட்டும்.

எர்த் இருந்தால் ஆர்சிசிபி வேண்டாம் என்பதும், ஆர்சிசிபி இருந்தால் எர்த் வேண்டாம் என்பதும் ஒரே அளவு தவறு. எர்த் இருந்தால், கீசரின் உடலில் கசிவு ஏற்பட்ட அந்த நொடியே மின்சாரம் எர்த் கம்பி வழியாக ஓடி ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது போய்த் தொடும்வரை அது காத்திருக்கும்.

ஆர்சிசிபிக்கு அதிக லோடும் ஷார்ட்டும் கண்ணில் படாது. அதனால் எம்சிபியோடு சேர்த்தே போட வேண்டும். மெயின் எம்சிபி 32 என்றால் ஆர்சிசிபி 40 வாங்குங்கள். வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் இன்வெர்ட்டர் மோட்டாராக வந்துவிட்ட வீட்டில், ஆர்சிசிபியில் 'ஏசி' (AC) வகையைவிட 'ஏ' (A) வகை நல்லது. முகப்பில் ஒரே ஒரு அலைக்கோடு இருந்தால் ஏசி வகை. அதன் கீழே இன்னொரு மேட்டுக்கோடும் இருந்தால் ஏ வகை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பகிர்மான விதித்தொகுப்பும் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆக, செலவு வீணா என்ற பேச்சுக்கே இடமில்லை.

மழை பெய்தாலே ஆர்சிசிபி விழுகிறது. எல்லா எம்சிபியையும் அணைத்தாலும் சில சமயம் நிற்பதில்லை. மிக்ஸி போட்டால் நிச்சயம் விழுகிறது. மிக்ஸியை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
— கடலூர் வாசகி

மழை நாளில்தான் அது உங்களுக்கு வேண்டும். அன்றைக்கு அதைத் தாண்டிவிட்டால் பிறகு எதற்கு?

மிக்ஸி பாவம், குற்றமற்றது. உங்கள் கடிதத்தில் துப்பு தெளிவாக இருக்கிறது. வீட்டு எம்சிபிகள் பெரும்பாலும் ஃபேஸை மட்டும் துண்டிப்பவை. நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் ஒயர் ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எம்சிபிகளை அணைத்தும் பயனில்லை. மிக்ஸி ஓடும்போது நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு, அந்த ஈர இடத்தின் வழியே எர்த்துக்குப் பிரிந்துவிடுகிறது. கணக்கு உதைக்கிறது, ஆர்சிசிபி விழுகிறது. மிக்ஸி சமையலறையில் இருக்கும். பழுது தெருவாசல் விளக்கில் இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு லைனின் நியூட்ரல் ஒயரையும் கழற்றி, மெக்கரால் எர்த்தோடு சோதிக்க வேண்டும். மழை விட்டு வெயில் வந்தபின் கூப்பிட்டால் எலக்ட்ரீஷியன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். ஈரம் காயும் முன் கூப்பிடுங்கள். நான் முதலில் பார்க்கும் இடங்கள்: மதில் சுவரில் பதித்த அழைப்பு மணி சுவிட்ச், கேட் விளக்கு, தீபாவளிக்குச் சீரியல் செட் போட மொட்டை மாடியில் வைத்த பிளக், மோட்டார் அறை. கேட் விளக்கைக் கழற்றினால் உள்ளே இரண்டு விரல் தண்ணீரும் செத்த ஈசல்களும் இருப்பது வழக்கம். அடியில் ஒரு சின்னத் துளை போட்டுத் தண்ணீர் வடிய விட்டிருந்தால் இத்தனை பாடு இல்லை.

இதற்கு மாறாக, எல்லா எம்சிபியையும் அணைத்தால் ஆர்சிசிபி நின்று, ஒவ்வொன்றாகப் போடும்போது குறிப்பிட்ட ஒன்றில் விழுந்தால், பழுது அந்த லைனின் ஃபேஸ் பக்கம். அதில் செருகியிருக்கும் சாதனங்களை உருவிப் பார்த்தாலே பாதி நேரம் ஆள் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் கீசரின் ஹீட்டர் கம்பி.

புதிதாக இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து ஆர்சிசிபி விழுகிறது. இன்வெர்ட்டர் கோளாறா?
— திருப்பூர் வாசகர்

இன்வெர்ட்டரை வைத்தவர் ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்பிருந்து எடுத்து, நியூட்ரலை ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள பட்டையில் சேர்த்திருப்பார். போன வழி ஒன்று, வந்த வழி வேறு. இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் பட்டையும் வேண்டும். அவரையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

நான் இயந்திரவியல் படித்தவன். வீடியோ பார்த்து டிபி பெட்டியை நானே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். குறிப்புகள் தர முடியுமா?
— திருச்சி வாசகர்

தேர்ந்தெடுப்பது வரை உங்கள் வேலை தம்பி. பொருத்துவதை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விடுங்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதற்குள் வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். படித்தவர்கள் மறப்பது அதைத்தான். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்தாரா? மாடியில் சோலார் இருந்தால் அதையும். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதோடு திருப்தி அடைந்துவிட்டாரா, மீட்டரால் அளந்தாரா? டெஸ்டரின் குட்டி நியான் விளக்கு பகல் வெளிச்சத்தில் ஏமாற்றும்.

அடுத்தது திருகு. டிபி பெட்டி கருகும் வீடுகளில் நான் கண்டது பெரும்பாலும் தளர்ந்த திருகுதான், கெட்டுப்போன எம்சிபி அபூர்வம். உறையை உரிக்கும்போது இரண்டு இழைகளைச் சேர்த்து வெட்டிவிட்டு மீதியைத் திணிப்பார்கள். அல்லது குறைவாக உரித்து, செம்புக்குப் பதில் உறையையே திருகுக்கு அடியில் நசுக்குவார்கள். இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், சில மாதங்களில் அந்த முனை பழுப்பேறும். பல இழை ஒயர் என்றால் முனையில் பின் லக் என்ற ஊசிபோன்ற உலோகத் துண்டைப் போட்டு நசுக்கிச் செருகச் சொல்லுங்கள். தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் ஒரே துளையில் திணித்தால் மெல்லியது பிடிபடாது. எம்சிபிகளுக்கு இடையே துண்டு ஒயர்களால் தாவித் தாவி இணைப்பதைவிடச் சீப்புப் போன்ற செம்புப் பட்டை நல்லது. எல்லாம் முடித்தபின் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறாரா? நல்ல கைக்காரர் கேட்காமலே இழுப்பார்.

ஆர்சிசிபியில் 'N' என்று எழுதிய இடத்தில் நியூட்ரல் போக வேண்டும். மாற்றிப் போட்டால் சில கருவிகளில், அது விழுகிறதா என்று சோதிப்பதற்கான டெஸ்ட் பட்டன் வேலை செய்யாது. கடைசியில், எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். "லைட் 1, லைட் 2" என்று எழுதாதீர்கள். இரவில் புகை வரும்போது அது யாருக்கும் புரியாது. "சமையலறை பிளக்" என்று எழுதுங்கள்.

டெஸ்ட் பட்டனை அடிக்கடி அழுத்தினால் ஆர்சிசிபி கெட்டுவிடுமா?
— சேலம் வாசகி

அழுத்தாமல் விட்டால்தான் உள்ளே இறுகிப்போகும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

ஒரு நாள் மாலை திடீரென்று விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. டிவி, ஃபிரிட்ஜ், மோடம் மூன்றும் போயின. எம்சிபி ஒன்றுகூட விழவில்லை. போலி எம்சிபியா?
— மதுரை வாசகர்

எம்சிபி மேல் பழி போட முடியாது. அது ஓடும் மின்சாரத்தின் அளவைப் பார்க்கும், வோல்ட்டேஜைப் பார்க்காது. தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து 400 வோல்ட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். அதிக லோடு உள்ள வீட்டில் விளக்கு மங்கும். லோடு குறைவாக உள்ள வீட்டில் 300 வோல்ட்டையும் தாண்டும். அன்று உங்கள் வீட்டில் யாரும் ஏசி போட்டிருக்க மாட்டீர்கள்.

இதற்கென்று, வோல்ட்டேஜ் எல்லை மீறினால் துண்டித்து, சீரானபின் தானே இணைக்கும் கருவி கிடைக்கிறது. எம்சிபி வரிசையிலேயே டிபி பெட்டிக்குள் உட்காரும். மெயினுக்கு அடுத்து அதைப் போடச் சொல்லுங்கள். அதன் ஆம்பியர் மெயின் எம்சிபிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இனி ஒரு முறை ஓர் அறை விளக்கு மங்கி இன்னோர் அறை விளக்கு பளிச்சிட்டாலோ, எல்லாமே வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தாலோ, பிளக்குகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்காதீர்கள். நேராகப் போய் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கு அழைத்து, "நியூட்ரல் போய்விட்டது" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். "கரண்ட் சரியில்லை" என்றால் அது வரிசையில் கடைசிப் புகாராகிவிடும்.